வரவு செலவு நோட்டில் உடம்புக்கும் ஒரு பக்கம்

குடும்பக் கணக்கு எழுதும் வழக்கம் மதுரை வட்டாரத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. பால் பாக்கி, குழுக் கடன் தவணை, தண்டல்காரருக்குத் தர வேண்டியது, நகையைத் திருப்ப வேண்டிய தேதி என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு நோட்டிலோ நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலோ எழுதப்பட்டிருக்கும். அந்த வரவை ஈட்டுகிற உடம்பைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இருக்காது. நோய் முற்றிய பிறகு, மருத்துவச் செலவு என்ற பெயரில்தான் உடம்பு நோட்டுக்குள் நுழைகிறது. வருமானம் குறையும்போது உடம்பில் என்ன குறைகிறது, அப்படிக் குறைந்தது சில மாதம் கழித்து வருமானத்தில் எங்கே தெரிகிறது என்ற இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வருவதற்கும், எழுதியதைப் படித்துக் கையிலுள்ள சிறு தொகையை எங்கே முதலில் செலவிடுவது என்று முடிவு செய்வதற்கும் உரிய முறையை இங்கே சொல்கிறேன். மாதச் சம்பளக்காரர் வீட்டைவிட, நாள்கூலிக்கோ கிலோக் கணக்குக் கூலிக்கோ போகிற வீட்டுக்கு இது அதிகம் பயன்படும்.

உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதியதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு கொஞ்சம் காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியை வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ், மண் சுமக்கிற உடம்பு அந்த அளவில் நிலைக்காது என்று எதிர்த்து வாதாடினார். 1877 ஆம் ஆண்டிலேயே கூலியை மறுபடி உயர்த்த வேண்டியதாயிற்று. கூலி குறைந்தால் உடம்பு தேயும், உடம்பு தேய்ந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் கூலி இன்னும் குறையும் என்ற சுற்று அப்போதே கண்முன் நடந்தது. 1993 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஃபோகல், 18 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அடித்தட்டு மக்களுக்குக் கிடைத்த உணவைக் கணக்கிட்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு முழுநாள் வேலை செய்யும் தெம்பே இருந்திருக்க முடியாது என்று காட்டினார். வேலைக்காரர் மந்தமாக இருக்கிறார் என்று குறைபடுகிற மேஸ்திரிமார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நோட்டைப் பிரிக்கும் முறை

ஒரு நீள நோட்டை எடுத்து, விரித்தால் எதிரெதிரே வருகிற இரண்டு பக்கங்களை ஒரு மாதத்துக்கு ஒதுக்குங்கள். இடப்பக்கம் வழக்கமான வரவு செலவுக்கு. வலப்பக்கத்தில் நாள்தோறும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: யார் வேலைக்குப் போனார், யார் போகவில்லை, ஏன் போகவில்லை. அந்த ‘ஏன்’ என்பதில்தான் கவனம் வேண்டும். ‘வேலை இல்லை’ என்பதும் ‘முடியவில்லை’ என்பதும் கூலி கிடைக்காத நாள் என்ற வகையில் ஒன்றாகத் தெரிந்தாலும், முதலாவது ஊர் நிலைமையைச் சொல்கிறது, இரண்டாவது உடம்பைச் சொல்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால் நோட்டு பயனற்றுப் போகும். வேலைக்குப் போயும் பாதியில் திரும்பிய நாள், வழக்கத்தைவிடக் குறைவாகச் செய்த நாள் ஆகியவற்றையும் தனியாகக் குறியுங்கள். கிலோக் கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் போகிறவர்களுக்கு உடம்பின் தளர்ச்சி முதலில் தெரிவது விடுப்பில் அல்ல, அளவில்.

மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் எடையையும் எழுதுங்கள். ஒரே தராசில், ஒரே வேளையில் பார்ப்பது முக்கியம். காலையில் வெறும் வயிற்றிலும் அடுத்த மாதம் சாப்பிட்ட பிறகும் பார்த்தால் ஒப்பிட முடியாது. பெரியவர்களுக்கு இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் தையல்காரர் டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. முப்பது வயது கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும். குழந்தைகளின் எடையும் உயரமும் அங்கன்வாடி அட்டையில் இருப்பதால், அதைப் பார்த்து நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

சாப்பாட்டை வேளை வேளையாக எழுதத் தேவையில்லை; அப்படித் தொடங்குகிறவர்கள் பத்து நாளில் விட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில், அந்த வாரம் பருப்பு, முட்டை அல்லது கறி, கீரை, பால் ஆகியவை எத்தனை நாள் தட்டில் விழுந்தன என்று நான்கு எண்களை எழுதுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவருக்கும் அவை கிடைத்தனவா என்பதை ஐந்தாவதாகக் குறியுங்கள். குழம்பு சட்டியில் பருப்பு இருந்தது என்பதும், அது கடைசியாகச் சாப்பிட்ட அம்மாவின் தட்டுக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல.

இறுக்கமான மாதங்களைக் கண்டுபிடித்தல்

ஓராண்டு எழுதினால், எந்த மாதங்களில் பருப்பும் முட்டையும் குறைகின்றன என்பது தானாகவே தெரியும். பெரியாறு பாசனம் பாயும் வாடிப்பட்டி, மேலூர் பக்கங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கூலி வேலை வற்றுகிறது. வானம் பார்த்த பேரையூர், கள்ளிக்குடிப் பக்கங்களில் மழை பொய்த்தால் அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீள்கிறது. மல்லிகைத் தோட்டக் கூலியில் ஒரு வேடிக்கை உண்டு: மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்துக் குறைந்து, மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை விலை எகிறுகிறது என்று செய்தி வரும், கிலோக் கணக்கில் பறிப்பவருக்கோ பறிக்கச் செடியில் மொக்கே இருக்காது. பூ விலை ஏறிய மாதமே அவர் வீட்டில் காசு இறுகும் மாதம். ஊர்ப் பேச்சை வைத்து உங்கள் இறுக்கமான மாதத்தை முடிவு செய்யாமல், உங்கள் நோட்டை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மாதங்கள் தெரிந்துவிட்டால், கையில் காசு புரளும்போதே துவரம் பருப்பு, பயறு, நிலக்கடலை போன்ற கெடாத பொருள்களை வாங்கி ஒதுக்கி வைப்பதே முதல் வேலை. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் வயிறு நிறைவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. குறைவது புரதமும் இரும்பும். அந்தக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஒரு மாதமும் விடாமல் வாங்கிவிடுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட காலை உணவும் இருக்கின்றன. பள்ளி விடுமுறையான சித்திரை வெயில் மாதத்தில் அவை நின்றுவிடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மாதத்துச் சந்தைச் செலவை முன்கூட்டியே கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பாக அவர் பக்கத்தைப் பாருங்கள். பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பகுதியில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் எடையைச் செவிலியர்கள் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேட்டையும் இறப்புப் பதிவுகளையும் ஒத்துப்பார்த்து, குறைந்த எடையில் பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது அதிகமாக இருந்ததை 1989 இல் வெளியிட்டார். தாய் வயிற்றில் இருந்தபோது வீட்டில் இருந்த வறுமை, பிள்ளையின் அறுபதாவது வயதில் மருத்துவச் செலவாகத் திரும்பி வரக்கூடும் என்பது இதன் கருத்து. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த பிறப்பு. வயிற்றுப் பிள்ளை எந்த மாதங்களில் வளர்கிறது, அவை உங்கள் வீட்டின் இறுக்கமான மாதங்களா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆமெனில், விசேஷ வீட்டு மொய்யைக் குறைத்தாவது அந்த மாதங்களில் அவருக்கு முட்டையும் பாலும் பருப்பும் உறுதி செய்ய வேண்டும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கினால், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாகப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் தவணைகளில் கிடைக்கும். அந்தப் பணத்தைக் கடன் தவணைக்குத் திருப்பிவிடும் வீடுகள் ஏராளம். இடப்பக்கத்தில் அதை வரவாக எழுதும்போதே, எதற்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

சோகைக்கும் கண்ணுக்கும் கூலியில் உள்ள பங்கு

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம், ஆணுக்கு 13 கிராம் என்ற அளவுக்குக் கீழே ஹீமோகுளோபின் போனால் அது சோகை. இதை நோயாக யாரும் எண்ணுவதில்லை. ‘அசதி’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், குனிந்தபடியே மொக்குகளை ஆய்ந்து மடியில் சேர்க்கிற ஒரு பெண், முன்பு நாலு கிலோ பறித்த நேரத்தில் இப்போது மூன்றரைக் கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு பங்கு கூலி போய்விட்டது. அவர் விடுப்பு எடுக்கவில்லை, மருத்துவரைப் பார்க்கவில்லை, யாரும் கூலியைக் குறைக்கவுமில்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 1970களில் இந்தோனேசிய ரப்பர் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், சோகை இருந்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும் அவர்கள் சேகரித்த பாலின் அளவு கூடியது. அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைக்குக் காசில்லை. வீட்டுக் கணக்கில் இதைவிட மலிவாகக் கூலியைக் கூட்டும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். முதலில் அளவு பாருங்கள். அளவைப் பார்க்காமல் மாத்திரை விழுங்கினால் பலன் தெரியாது. செவிலியர் சொன்னபடி மாத்திரையைச் சாப்பிடுங்கள்; மலம் கறுப்பதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுப்பதால், டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிற குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளவு பார்த்து, ஒரு கிராம்கூடக் கூடவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், வயிற்றுப்புண் ஆகியவற்றைச் சொல்லக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாதங்களில் பறித்த கிலோவையும் பக்கத்திலேயே எழுதினால், மாத்திரைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணும் இதைப் போன்றதே. நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை சிரமமாகிறது. பூக்கட்டுவது, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது, தையல், அரிசியில் கல் பொறுக்குவது என்று நம் ஊர்ப் பெண்கள் வருமானம் ஈட்டும் வேலைகளில் பாதி, ஓரடி தூரத்தில் பார்த்துச் செய்பவை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வில், நாற்பது வயது கடந்த கொழுந்து பறிப்பவர்களுக்குக் கண்ணாடி கொடுத்ததும், கொடுக்கப்படாதவர்களைவிட அவர்கள் பறித்த அளவு ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. 1976 இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் கண்ணாடி கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று நினைப்பார்களே என்ற எண்ணம்தான் பெரும்பாலும் தடை. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடத் தொடங்கிய மாதத்தை நோட்டில் எழுதுங்கள். கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய மாதம் அது.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வழக்கமான சாப்பாடு சாப்பிட்டும் ஒருவரின் எடை மாதாமாதம் இறங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால், உடனே சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காசநோய் மெலிந்த உடம்பைத் தேடி வருகிறது, வந்த பிறகு இன்னும் மெலியச் செய்கிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 சதவீதம்வரை குறைந்தது. ஆகவே நோயாளிக்கு மட்டும் முட்டை வாங்குவது போதாது. அந்த வீட்டுக்கே வாங்க வேண்டும்.

தூக்கம், வெயில், கடன்

தூங்கும் நேரத்தை எல்லோரும் கூட்டிச் சொல்கிறார்கள். சென்னையில் கணினிப் பதிவு வேலை செய்த ஏழை உழைப்பாளர்களின் கையில் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2021 இல் வெளியானது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரந்தான். கொசு, வெக்கை, இரைச்சல். இரவுத் தூக்கத்தை அரை மணிக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டியும் வேலையில் மாற்றம் தெரியவில்லை. பகலில் சிறிது நேரம் தூங்க விட்டபோது வேலைத்திறன் உயர்ந்தது. மதியம் அரை மணி கண்ணயர்வதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லும் வழக்கத்தைக் கைவிடலாம். வெயிலில் வேலை செய்யும் பெண்கள், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் தலைசுற்றலும் வந்த நாள்களை, வேலை நடந்த இடத்தின் பெயரோடு எழுதுங்கள். பின்னால் இது பயன்படும்.

கடனைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி சொல்கிறேன்: இறுக்கமான மாதத்தில் புதிய கடன் பத்திரத்தில் தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், காசில்லாத அறுவடைக்கு முன் நாள்களில் அதே மனிதர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். அறிவு குறைந்துவிடவில்லை; கவலை அதன் இடத்தை அடைத்துக்கொண்டது. வட்டி நூற்றுக்கு எவ்வளவு, தவணை எத்தனை, மொத்தம் எவ்வளவு திரும்பப் போகிறது என்ற மூன்றையும் காசிருக்கும் மாதத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், தேவை வரும்போது அதைப் பார்த்து ஒப்பிடலாம். குடிச் செலவையும் ‘இதர’ என்று எழுதி மறைக்க வேண்டாம். சென்னை ரிக்‌ஷாத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வொன்றில், பகலில் குடிக்காமல் வருவதற்கு ஊக்கத்தொகை கொடுத்தபோது அவர்களின் சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. உடல்வலியை அடக்கக் குடிப்பதாகச் சொல்கிறவரின் வலிக்கு வைத்தியம் பார்ப்பதும் இதில் அடங்கும்.

காசு வந்த பிறகு

வருமானம் உயர்ந்த வீடுகளும் நோட்டை மூடிவிடக் கூடாது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் செய்த ஆய்வுகள், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் அந்தச் சிறு உடம்பில் தசையைவிடக் கொழுப்பு ஒப்பளவில் அதிகமாக இருப்பதைக் காட்டின. பற்றாக்குறைக்குப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறைவு வரும்போது அது தடுமாறுகிறது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலை கிடைத்து, நடை குறைந்து, வண்டி வாங்கி, மாலையில் பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் வாடிக்கையான இளைஞருக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வருவதைக் கண்டு வீட்டார் திகைக்கிறார்கள். அவருடைய நோட்டில் எடையைவிட இடுப்புச் சுற்றளவுக்கே முதலிடம் கொடுங்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்வருவது எடையில் தெரியாது.

அத்தகைய வேலையில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்கும். தகுதிக்கு வேண்டிய நாள்கள் சந்தா கட்டியிருந்தால், நோயுற்ற காலத்துக்கு ஆண்டில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். பலர் இதைக் கேட்டு வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ‘முடியவில்லை’ என்று வலப்பக்கத்தில் எழுதிய நாள்களையும் மருத்துவர் கொடுத்த சான்றையும் ஒத்துப்பார்த்து விண்ணப்பியுங்கள்.

வீட்டு நோட்டால் சரிசெய்ய முடியாதவை பல. கூலி விகிதம், வேலையிடத்தில் கழிப்பறை, குடிநீர், வெயில் நேரத்தில் ஓய்வு ஆகியவை ஒரு குடும்பத்தின் சிக்கனத்தால் வருபவை அல்ல. ஒரே தெருவிலோ ஒரே மகளிர் குழுவிலோ நாலைந்து வீடுகள் இப்படி எழுதி வந்தால், ஆண்டுக் கடைசியில் வலப்பக்கங்களை ஒன்றாக விரித்து வைத்துப் பாருங்கள். ‘முடியவில்லை’ என்பது எல்லா வீட்டிலும் ஒரே மாதத்தில், ஒரே வேலையிடத்தின் பெயரோடு வந்திருந்தால், அந்த நாள்களை மட்டும் ஆட்பெயர் இல்லாமல் ஒரு தாளில் தொகுத்து, கிராம சபைக் கூட்டத்திலோ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலோ மனுவோடு இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்கி நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.